அண்ணன் விதைத்த ஏழாம் எண்

விதை ஆய்வு நிலையத்தில் அவளுக்குக் ‘கயிறு’ என்றுதான் பெயர். கயிறும் முளைக்குச்சியும் அளவு நாடாவும் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. புது ரகங்களை விவசாயிகளின் வயலிலேயே விதைத்து, அறுத்து, எடைபோட்டுக் குறிப்பது அவள் வேலை.

சேர்ந்த இரண்டாம் வருஷம் எட்டு மக்காச்சோள ரகங்கள் வந்தன. ஒரே ஒருவர் வயலில், ரகத்துக்கு ஒரு பாத்தி. அறுவடையில் ஏழாம் எண் மற்ற ஏழையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. கதிர் ஒவ்வொன்றும் கைக்கு அடங்கவில்லை. அன்றைக்கே அண்ணன் வீட்டுக்கு ஓடினாள்.

“அண்ணா, கண்ணை மூடிக்கிட்டு ஏழாம் நம்பரைப் போடு. விதை நான் வாங்கித் தரேன்.”

“ஆபீசரம்மா சொல்லிட்டாங்க. போடலேன்னா உள்ளே தள்ளிடுவாங்க போல” என்று அண்ணன் சிரித்தான்.

இரண்டு ஏக்கரிலும் அதையே போட்டான். இடுப்பு உயரத்தில் பயிர் மஞ்சளித்து நின்றுவிட்டது. கதிரை உரித்தால், பல் விழுந்த வாய் மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக மணிகள். பழைய விதை போட்ட பக்கத்து வயல்காரர்களுக்கு எப்போதும்போல விளைந்திருந்தது.

அவள் சோதனை வயல்காரரிடம் போய், ஏழாம் பாத்தி இருந்த இடத்தைக் காட்டிக் கேட்டாள்.

“அங்கதானேம்மா இருபது வருஷம் மாடு கட்டினோம். எரு ஊறின மண்ணு. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே.”

அண்ணனிடம் எதையும் மறைக்கவில்லை. அவன் காலடி மண்ணைக் கிளறினான். “நீ வேணும்னா பண்ணின? யார்கிட்டயும் வாயைத் திறக்காதே. உன் வேலைக்கு ஆபத்து.”

வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, ஒரு கிடங்கில் காவல் வேலைக்குப் போனான். தண்ணீர் பாய்ச்சத் துப்பில்லாதவன் என்று ஊரே பேசியது. அண்ணியும் சோறு போடும்போதெல்லாம் அதையே குத்திக்காட்டினாள். அவன் தலையைக் குனிந்தபடி சாப்பிட்டான். தங்கையும், அண்ணன் கேட்டுக்கொண்டபடி, உண்மையை யாரிடமும் சொல்லவில்லை.

நாலாம் வருஷம் அதே எட்டு ரகங்களுக்கு மறுசோதனை வந்தபோது, அவள் அதிகாரியிடம் பதினைந்து பேரின் வயல்களைக் கேட்டாள். ஒவ்வொரு வயலிலும் ரகத்துக்கு மூன்று பாத்தி. எது எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய வேண்டும் என்றாள்.

“ஒரே விதையை எதுக்கு மூணு தடவை போடணும்? உனக்குப் பொழுது போகலையா?”

“ஒரு தடவை போட்டா, விதை நல்லதா, விழுந்த இடம் நல்லதான்னு தெரியாது சார்.”

அவர் முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். குத்தகைக்காரர் சம்மதித்ததால், பதினைந்தில் ஒன்றாக அண்ணனின் வயலும் சேர்ந்தது. வயலுக்கு எட்டு ரகம், இருபத்துநாலு பாத்தி. குனிந்து குனிந்து முதுகு விட்டுப்போயிற்று.

பயிர் பூக்கும் சமயத்தில், கிடங்கு வாசலில் உட்கார்ந்திருந்த அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் உயிர் பிரிந்துவிட்டது.

காரியங்கள் முடிந்த மூன்றாம் வாரம் அறுவடை. எரு ஏறிய இரண்டு வயல்களில் மட்டும் ஏழாம் எண் முந்தியது. மற்ற வயல்களில் பின்தங்கியது. அண்ணன் வயலில், வேறொருவர் ஒழுங்காக உழுது தண்ணீர் பாய்ச்சியும், மூன்று பாத்தியிலும் அதுதான் கடைசி. யாரும் கண்டுகொள்ளாத மூன்றாம் எண் எல்லா வயலிலும் நிதானமாக விளைந்திருந்தது. அடுத்த பருவத்தில் நிலையம் அதைத்தான் விவசாயிகளுக்குக் கொடுத்தது.

அதற்கு முன்பே, அறுவடை முடிந்த வாரம், எடைத்தாளை மடித்து எடுத்துக்கொண்டு அவள் அண்ணி வீட்டுக்குப் போனாள். அண்ணி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல. அந்த விதையைப் போடச் சொன்னதே நான்தான். அந்த மண்ணுக்கு அது யார் போட்டாலும் வராது.”

அண்ணியின் கை நின்றது. நீட்டிய தாளை வாங்கவில்லை.

“நாலு வருஷம் அந்த மனுஷனை என்னவெல்லாம் பேசியிருப்பேன். அவர் இருக்கும்போதே இதைச் சொல்லியிருக்கக் கூடாதா?”

அண்ணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். தங்கை தாளுடன் வாசல்படியிலேயே நின்றாள்.