அம்புக்குப் பிறகு

போடியில் எங்கள் தெருமுனைக் குருசடியில் உடம்பெல்லாம் அம்பு தைத்த சிலையாக நிற்கும் புனித செபஸ்தியார் அம்பு பட்டுத்தான் செத்தார் என்று தெருவே நம்பிக்கொண்டிருந்தது. சுரூபம் செய்தவன் கதையை அம்போடு நிறுத்திவிட்டான். நாங்களும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அமலோற்பவம் கேட்டவள். ஏலத்தோட்டத்தில் இருபது வருடமாகக் காய் எடுப்பவள். போன அக்டோபரில் பதினெட்டுப் பேரை அடைத்துக்கொண்டு போன தோட்டத்து ஜீப்பு மலை வளைவில் கவிழ்ந்ததில் அவளுக்குத் தொடை எலும்பு முறிந்தது. ஜனவரித் திருவிழாவுக்கு முன், கைத்தடியோடு வந்து, வழக்கம்போல் சுரூபத்தின் அம்புகளை உருவித் துடைத்தாள்.

"உசுரு பொழச்சதே பெருசு. வெள்ளியில ஒரு அம்பு காணிக்க போட்டுட்டுச் சும்மா கெட" என்றாள் அதே தோட்டத்தில் வேலை பார்க்கும் அவளுடைய மதினி பிலோமினா.

"அம்புல அவரு சாகல மதினி. காயம் ஆறுனதும் நேரா ராசாகிட்டப் போயி, நீ செய்யிறது அநியாயம்னு சொன்னாரு. அதுக்குத்தான் அடிச்சுக் கொன்னாங்க."

"அது தெரிஞ்சுமா நீ தோட்டத்துக்காரங்ககிட்ட நியாயம் கேக்கப் போற?"

"தெரிஞ்சுதான் போறேன்."

திருவிழா முடிந்த மறுநாள் காலை, ஆள் ஏற்ற வந்த ஜீப்பின் முன்னால் தடியை ஊன்றி நின்றாள். "பத்துப் பேருக்கு மேல ஏத்துனா வண்டி என் மேலதான் ஏறிப் போகணும்."

"ஒனக்கு இனி சோலி கெடையாது. வழிய விடு" என்று தோட்டத்து சூப்பர்வைசர் கத்தினார்.

அவள் அசையவில்லை. நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்களில் முதல் ஆளாக பிலோமினா இறங்கினாள்.