ஏசிக்கு ஒதுக்கிய சுவர்

போன ஞாயிற்றுக்கிழமை என்னை ஒரு சுவருக்கு நீதிபதியாகக் கூப்பிட்டார்கள்.

சிரிக்காதீர்கள். நிஜம்தான். சத்தியவேட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஏழுமலை போன் செய்தார்.

“சார், வூடு கட்டிக்கினு கீறோம். ஒரு சுவத்துல தகராறு. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாத்தான் தீரும்.”

“யாரோட தகராறு? பக்கத்து வீட்டுக்காரரோடயா?”

“இல்ல சார். பொண்டாட்டியோட.”

ஏழுமலையை இந்தப் பத்தியில் இதுவரை அறிமுகப்படுத்தியதில்லை, இல்லையா? ஆறேழு வருஷம் முன்னால் நாகலாபுரம் தாண்டி ஒரு வேர்க்கடலைக் கொல்லை நடுவில் இடிந்த கல் மண்டபம் ஒன்று கண்ணில் பட்டது. பழைய கட்டடம் என்றால் எனக்குக் கொஞ்சம் கிறுக்கு என்பது உங்களுக்குத் தெரியும். காரை ஓரம் கட்டிவிட்டு கேமராவோடு ஓடினேன். மொத்தம் பத்துத் தூண். எட்டு நிற்கிறது, இரண்டு படுத்திருக்கிறது. ஆசை தீர போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பி வந்தால்... முன்சக்கரம் இரண்டும் சேற்றில்! டிராக்டரைக் கொண்டுவந்து காரை இழுத்துவிட்டவர்தான் ஏழுமலை.

“இந்த இடிஞ்ச மண்டபத்துல இன்னா சார் கீது?” என்று கேட்டார். விடுவேனா? அரை மணி நேரம் சிற்பக்கலை பற்றிப் பேசித் தள்ளினேன். மனிதர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

“அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். ஆனா நீங்க வந்த நேரம் தப்பு. உச்சி வெயில்ல எல்லாத் தூணும் ஒரே மாரிதான் கீது. சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பாருங்க. அதோ, அந்தக் கடைசித் தூணுல கீற பொம்பளை சிரிக்கும்.”

ஐந்து மணி வரை காத்திருந்தேன். சிரித்தாள்.

அன்றிலிருந்து நண்பர்களானோம். அப்பேர்ப்பட்ட ரசிகருக்குச் சுவரில் தகராறு என்றால் போகாமல் இருக்க முடியுமா? திருப்பதியிலிருந்து காலையிலேயே கிளம்பினோம். என் மனைவியும் வந்தாள். வழக்கம்போல நாகலாபுரம் கோயிலில் வண்டியை நிறுத்தினேன். வழக்கம்போல மனைவி, “தூணைப் பார்க்கிற மாதிரி என்னை ஒரு நாள் பார்த்திருப்பீங்களா?” என்றாள். முப்பத்திரண்டு வருஷமாக இதே கேள்விதான்.

அந்தக் கோயிலில் பெருமாள் மேற்குப் பார்த்து நிற்கிறார். மாசி, பங்குனி வாக்கில் மூன்று நாள் மட்டும் மாலை வெயில் நேரே உள்ளே போய் அவர்மேல் விழும். முதல் நாள் பாதத்தில், மறுநாள் நாபியில், மூன்றாம் நாள் கிரீடத்தில். எந்த வாசலை எங்கே திறந்து வைத்தால் வெயில் எத்தனை தூரம் போகும் என்று கணக்குப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். இதை நூறாவது தடவையாக மனைவியிடம் சொன்னேன். அவள் நூறாவது தடவையாகக் கொட்டாவி விட்டாள்.

ஏழுமலையின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். முன்பு அங்கே இருந்தது சிமெண்ட் ஷீட் போட்ட காலனி வீடு. ஏழுமலையின் நைனா காலத்தில் அவர்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. மெட்ராஸுக்கு பஸ் ஏறிக் கூலி வேலைக்குப் போன குடும்பம். இப்போது கம்பெனி பஸ் அவர்கள் தெருமுனைக்கே வருகிறது. ஏழுமலையின் மனைவி ரேவதி, செல்போன் பாகங்களைப் பொருத்தும் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். ஏழுமலைக்கு டிராக்டரும் சொந்தமாக ஒரு ஏக்கரும் இருக்கிறது. அந்த ஷீட் வீட்டை இடித்துவிட்டுத்தான் மாடி வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது.

“இதான் சார் அந்தச் சுவரு” என்று காட்டினார் ஏழுமலை.

படுக்கை அறையின் மேற்குச் சுவர். இடுப்பு உயரத்துக்கு வந்து நிற்கிறது. அதற்கு மேல் வெறும் ஆகாயம். கிழக்கே கூடம், வடக்கே பக்கத்து வீடு, தெற்கே சமையல்கட்டு. மேற்குப் பக்கம் மட்டும்தான் திறப்பு. அந்தப் பக்கம் ஏரி. கரையில் வரிசையாகப் பனைமரம்.

ரேவதிக்கு அங்கே ஜன்னல் வேண்டும். நாலு அடி அகலத்துக்கு. ஏழுமலைக்கு அங்கே முழுச் சுவர் வேண்டும், ஏசி வைக்க.

“ரெண்டையும் வையுங்களேன்” என்றேன், பெரிய புத்திசாலி மாதிரி.

“ஆவாது சார். ஏசிக் கடைக்காரர் வந்து பாத்துட்டுப் போனாரு. மேக்கு வெயிலு உள்ள வந்தா மிஷின் திணறும்னு சொல்லிட்டாரு. சுவரு அடைச்சாத்தான் சில்லுனு நிக்குமாம்.”

மேஸ்திரி தெலுங்குக்காரர். கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். “செப்பண்டி சார். கிடிகீனா, கோடனா?” என்றார். ஜன்னலா, சுவரா? அன்றைக்கே முடிவு தெரிந்தாக வேண்டும் அவருக்கு. கலவையைக் குழைத்துப் போட்டாயிற்று. அது பாட்டுக்குக் காய்ந்துகொண்டிருந்தது.

நீதிபதியாகத் தொண்டையைச் செருமினேன். அந்தக் காலத்து வீடுகளின் அழகைப் பற்றி ஆரம்பித்தேன். முற்றம், தூண்கள், வெளிச்சம் வருகிற கூடம்... “பெரிய பெரிய வீடுங்க உள்ளே நுழைஞ்சா எப்படி இருக்கும் தெரியுமா, ஏழுமலை?”

“தெரியாது சார்” என்றார் அவர், சாதாரணமாக. “அந்த வூட்டுக்குள்ளலாம் எங்களை விட்டதில்ல. வெளிய நின்னு பாத்திருக்கோம். சுவரு நல்லா உசரம்.”

என் பிரசங்கம் அங்கேயே நின்றது. மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷமாக அந்த வீடுகளைப் படம் பிடித்திருக்கிறேன். யார் உள்ளே போனார்கள், யார் போகவில்லை என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

டீ வந்தது. டம்ளரைக் கொடுத்துவிட்டு ரேவதி எதிரே நின்றார்.

“பத்து நாளா இதே சண்டை சார். கோவத்துல அது சரியா துன்றதுகூட இல்ல” என்று புருஷனைக் காட்டினார். “தடாவுல இவங்க அண்ணன் ஏசி வச்சுட்டாரு. அதுக்குப் போட்டியா இதுக்கும் வேணும்.”

“மேக்கு வெயிலு மூஞ்சில அடிக்கும்னா கேக்க மாட்டேங்குறா சார்” என்றார் ஏழுமலை.

“நாகலாபுரம் பெருமாளுக்கு மட்டும் அடிக்கலாமா? அவருக்கு இன்னா, ஏசியா வச்சுக் கீது?”

என் மனைவி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். நூறு தடவை நான் சொன்னபோது கொட்டாவி விட்ட அதே விஷயத்துக்கு!

“சரிம்மா, உனக்கு எதுக்கு இந்த ஜன்னல் மேல இவ்வளவு ஆசை?” என்று அவளே கேட்டாள்.

ரேவதி ஏரிப் பக்கம் திரும்பினார்.

“எங்க கம்பெனில ஜன்னலே கிடையாதுக்கா. தூசி வரக்கூடாதுன்னு எல்லாம் அடைச்சு வச்சுக் கீது. பெரிய ஹாலு, வெள்ளை லைட்டு, ஏசி. எட்டு மணி நேரம். வெளிய பகலா, இருட்டான்னு தெரியாது. மழை பேஞ்சாக்கூட தெரியாது. ஷிப்ட் முடிஞ்சு வெளிய வந்து, தரை ஈரமா கீறதைப் பாத்துத்தான், ஓ... மழை பேஞ்சுதான்னு தெரிஞ்சுக்குவோம்.”

ஏரியைக் கைகாட்டிச் சொன்னார்: “மழை வரும்போதே பாக்கணும்க்கா. அவ்ளோதான்.”

கவிதை என்ற பெயரில் நானும் நாற்பது வருஷமாக எதையெதையோ எழுதிக் கிழித்திருக்கிறேன். இப்படி ஒரு வரி விழுந்ததில்லை. சத்தியமாகப் பொறாமையாக இருந்தது.

ஆனால் நீதிபதி இரண்டு பக்கமும் கேட்க வேண்டுமே? ஏழுமலை பக்கம் திரும்பினேன். “உங்களுக்கு எதுக்கு ஏசி? அண்ணனுக்குப் போட்டியா?”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மனைவியைப் பார்க்கவில்லை. மேஸ்திரியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“எனக்கு எதுக்கு சார் ஏசி? நாள் பூரா டிராக்டர் இஞ்சினு மேல குந்திக்கினு கீறவன். எங்க சாஞ்சாலும் தூங்கிடுவேன். இவதான்... கம்பெனில சில்லுனு இருந்துட்டு வந்து அந்த ஷீட்டு வூட்டுல வெந்துக்கினு கெடப்பா. ஈரத் துணியைக் கழுத்துல சுத்திக்கினு உக்காந்துக்கினு இருப்பா. மூணு வருஷமா பாத்தேன். புது வூட்டுலயாச்சும் இவளுக்கு சில்லுனு இருக்கட்டும்னு...”

ரேவதி கையிலிருந்த காலி டம்ளரைக் கீழே வைத்தார்.

“பத்து நாளா சண்டை போட்டியே... இதை என்னாண்ட ஒரு வார்த்தை சொன்னியா?”

“நீ கேட்டியா?”

“நான் எதுக்கு கேக்கணும்? சொல்றதுக்கு இன்னா?”

சண்டை மறுபடி தொடங்குகிறதோ என்று பயந்துவிட்டேன். ஆனால் ரேவதியின் கண்ணில் தண்ணீர் நின்றது. ஏழுமலை அதைப் பார்த்துவிட்டு அவசரமாக மேஸ்திரி பக்கம் திரும்பினார்.

“கிடிகி பெட்டுப்பா” என்றார். ஜன்னலே வை. “நாலு அடி வேணாம். அஞ்சு அடி வை.”

மேஸ்திரி தலையை ஆட்டிவிட்டுக் கலவையில் தண்ணீர் தெளித்தார். நீதிபதி கடைசிவரை தீர்ப்பே சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

சரி, இப்போது என் கதைக்கு வருகிறேன். இது கொஞ்சம் மானம் போகிற கதை.

திருப்பதிக்குத் திரும்பினோம். புத்தூர் தாண்டியதும் மனைவி கேட்டாள்: “நம்ம பெட்ரூம்லயும் ஒரு ஜன்னல் இருந்துச்சு. ஞாபகம் இருக்கா?”

யோசித்துப் பார்த்தேன். இருந்தது! சித்தூரிலிருந்து திருப்பதிக்குக் குடிபெயர்ந்தபோது அந்த ஃபிளாட்டை வாங்கியதே அந்த ஜன்னலுக்காகத்தான். திறந்தால் எதிரே மலை. படுக்கையில் படுத்தபடியே திருமலையைப் பார்க்கலாம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். முதல் வருஷம் தினமும் பார்த்தோம். அப்புறம் ஏசி வந்தது, ஜன்னலைச் சாத்தினோம். அப்புறம் ஒரு ஸ்டீல் பீரோ வந்தது. வைக்க இடமில்லை. எப்படியும் சாத்தித்தானே இருக்கிறது என்று அதை ஜன்னலுக்கு முன்னால் நிறுத்தினோம். ஆயிற்று பதினோரு வருஷம்.

தேசம் முழுக்க இருந்து ஜனங்கள் ரயிலில் வந்து பார்க்கிற மலையை நான் பழைய பட்டுப் புடவைகளால் மறைத்து வைத்திருக்கிறேன். ஆனால் இடிந்த மண்டபத்தைத் தேடி எண்பது கிலோமீட்டர் போவேன். அழகுணர்ச்சி பற்றி வாராவாரம் உங்களுக்கு எழுதவும் செய்வேன்!

திங்கட்கிழமை காலை வாட்ச்மேனை அழைத்து பீரோவை நகர்த்தினோம். பின்னால் ஒரு படை தூசி, இரண்டு பல்லி முட்டை, காணாமல் போன என் மூக்குக்கண்ணாடி. தாழ்ப்பாள் துருப்பிடித்து அசையவில்லை. சுத்தியால் தட்டினேன். ஜன்னல் முனகிக்கொண்டு திறந்தது.

எதிரே மலை இல்லை.

நாலு மாடி அபார்ட்மெண்ட் ஒன்று நின்றது. எப்போது கட்டினார்கள்? தெருப்பக்கம் போகும்போது பார்த்திருப்பேன். மலையை மறைத்துக்கொண்டு நிற்கிறது என்று தோன்றவே இல்லை. அதன் சுவர் முழுக்க ஏசிப் பெட்டிகள். அத்தனையும் எங்கள் முகத்தில் சூடாக மூச்சு விட்டன.

பதினோரு வருஷம் அங்கேயே இருந்ததைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். இப்போது பார்க்க வந்தால் அது இல்லை. ஜன்னலைச் சாத்தப் போனேன்.

“இருங்க” என்றாள் மனைவி. ஜன்னலின் இடது ஓரத்துக்குப் போய்ச் சுவரோடு சாய்ந்தாள். தலையைச் சாய்த்தாள். “இங்க வாங்க.”

போனேன். அபார்ட்மெண்டுக்கும் அடுத்த வீட்டுத் தண்ணீர் டேங்குக்கும் நடுவே ஒரு ஜாண் இடைவெளி. அதில் மலை. காலை வெயில் பட்டுப் பாறை சிவந்து கிடந்தது. அடியில் கொஞ்சம் பச்சை. அவ்வளவுதான், ஆனால் அது மலைதான்.

ஹாலிலிருந்து இரண்டு நாற்காலி எடுத்து வந்தேன். அந்த மூலையில் இரண்டு போட இடம் இல்லை. கொஞ்சம் தள்ளிப் போட்டால் மலை மறைந்துவிடுகிறது.

“ஒருத்தருக்குத்தான் தெரியும் போல. நீ உட்கார்” என்றேன்.

“ஒட்டி உட்கார்ந்தா ரெண்டு பேருக்கும் தெரியும்” என்றாள்.

பீரோவுக்குத்தான் இன்னும் இடம் கிடைக்கவில்லை. ஹால் நடுவில் நிற்கிறது... வருகிறவர்கள் சுற்றிக்கொண்டு வரட்டும்!