மற்றவை மாறாதிருக்கும்போது

"ஏய், மஞ்சப் பை! ஒரிஜினலை யாரு எடுப்பா, உங்க தாத்தாவா?"

குரல் தெருவைக் கடந்துபோய், பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறவனின் பிடரியைப் பிடித்துத் திருப்பும். மஞ்சள் பைக்காரன் அசடு வழிய ஓடி வருவான். நகல் கைக்கு வந்த மகிழ்ச்சியில் அசலை மெஷின் மூடிக்கு அடியில் மறந்துவிட்டுப் போவது மனித இயல்பு. நிலப் பத்திரம், பிறப்புச் சான்று, ஒருமுறை விவாகரத்துத் தீர்ப்பு. (அந்த ஆள் மட்டும் திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டே வந்தார்.) இருபத்திரண்டு ஆண்டுகளில் ஓர் அசலைக்கூட அவள் தன்னிடம் தங்கவிட்டதில்லை. பள்ளிக்கூடத்துக்கு எதிரிலுள்ள அந்தக் கடையில் எல்லோருக்கும் அவள் ஜெராக்ஸ் அக்கா.

கடை அண்ணனுடையது. பள்ளியின் கடைசி இரண்டு வருடங்களுக்குப் பொருளியலை ஆசைப்பட்டு எடுத்து, ஏழு வாரம் போய்வந்தாள். எட்டாவது வாரத்தில் அண்ணன் மெஷின் வாங்கினார். "ஆள் கிடைக்கிற வரைக்கும் ஒரு பத்து நாள் உக்காரும்மா" என்றார். சொன்ன சொல் தவறாதவர். இன்றைக்கும் ஆள் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்.

மற்ற கடைகளில் கோணலாக விழுந்த தாள், மங்கிய தாள், மடங்கிய தாள் எல்லாம் குப்பைக்குப் போகும். இங்கே பொருளியல் குறிப்புகள் மட்டும் மேஜைக்கு அடியிலுள்ள அட்டைப்பெட்டிக்குப் போகின்றன. வருடக்கணக்கான சேதாரத்தில் அவளுக்கென்று ஒரு பாடநூல் சேர்ந்துவிட்டது. தேவை இருக்கிறது, அளிப்பு இருக்கிறது. பணவீக்கம் பதினான்கு பிரதி இருக்கிறது, பிள்ளைகளுக்கு அதைக் கண்டால் அத்தனை பயம். பன்னாட்டு வாணிபம் மட்டும் கிடையாது. பரீட்சையில் வராத பாடத்தை எந்தப் பிள்ளை நகலெடுக்கும்?

இன்னொரு குறையும் உண்டு. எல்லாம் நகலுக்கு நகல், அதற்கும் நகல். நோட்டின் நடுமடிப்பில் விழுந்த கறுப்பு நிழல் ஆண்டுக்கு ஆண்டு அகன்று, ஒவ்வொரு வரைபடத்தின் இடது ஓரத்தையும் தின்றுவிட்டது. கோடு சரிந்து இறங்குவது தெரிகிறது. எந்த உயரத்திலிருந்து இறங்குகிறது என்பது இருட்டுக்குள் இருக்கிறது. அந்த ஓரத்தில் எழுதியிருப்பது விலையாகத்தான் இருக்கும் என்று ஊகித்து வைத்திருக்கிறாள், எழுதிப் பார்த்ததில்லை.

நாலு கடை தள்ளிப் புத்தகக் கடை. ஒரு புத்தகம் வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்டால், கட்டைவிரல் மையைத் துணியில் துடைத்துக்கொண்டே பதில் வரும். "புக்கு வாங்கினா படிக்கறேன்னு ஆயிடும்ல. இது சும்மா கழிவுப் பேப்பரு. கழிவை யாரு வேணா பாக்கலாம்."

கழிவில் படித்தது வீணாகவில்லை. மெஷின் வாங்கிய வீரக்கதையை அண்ணன் வாடிக்கையாளர் யாருக்காவது எடுத்துவிடும்போது, தாளை அடுக்கிக்கொண்டே முணுமுணுப்பாள்: "முதல் தடவை சிரிச்சேன். பத்தாவது தடவை இறுதிநிலைப் பயன்பாடு பூஜ்யம். இப்ப மைனஸ்ல ஓடுது."

"என்னம்மா சொல்ற?"

"நல்ல கதைன்னு சொன்னேண்ணா."

பாடத்தின் எல்லா விதிகளும் ஒரே பீடிகையோடு தொடங்குகின்றன: மற்றவை மாறாதிருக்கும்போது. ஒருநாள் ரெட்டைப் பின்னல் போட்ட மாணவி ஒருத்தி அதைப் படித்துவிட்டு நொந்துகொண்டாள். "இதெல்லாம் நடக்கிற கதையா அக்கா? உலகத்துல எது மாறாம இருக்கு?"

அக்கா தன் முக்காலியைப் பார்த்தாள், எதிர்ச்சுவரில் நாட்காட்டி மாட்டும் ஆணியைப் பார்த்தாள், நாற்காலியில் தலைசாய்த்துத் தூங்கும் அண்ணனைப் பார்த்தாள். "இங்க வந்து உக்காந்து பாரு" என்றாள்.

தனித்தேர்வர் விண்ணப்பம் வெளியாகும் மாதத்தில் ஊருக்கே அவள்தான் அதை நகலெடுத்துக் கொடுப்பாள். தனக்கும் ஒன்று எடுத்து, பெயர், பிறந்த தேதி, பாடம் எல்லாம் முத்து முத்தாக நிரப்புவாள். கையெழுத்துக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிடும். "புக்கே இல்லாம எந்த தைரியத்துல பரீட்சை எழுதறது?" என்று தானே கேட்டு, தானே தலையாட்டிக்கொள்வாள். புத்தகம் வாங்காததற்குப் பரீட்சை எழுதப்போவதில்லை என்பது காரணம். பரீட்சை எழுதாததற்குப் புத்தகம் இல்லை என்பது காரணம். இரண்டும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நின்றதில் ஒன்பது விண்ணப்பங்கள் பெட்டிக்குள் போய்விட்டன. பத்தாவது இப்போது கால்குலேட்டருக்கு அடியில் கிடக்கிறது. கடைசி நாள் நாளை.

இன்று நாலு மணிக்கு அதே ரெட்டைப் பின்னல் பாடநூலையே தூக்கிக்கொண்டு வந்தாள். தோழி ஒருத்தி நூலகப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கிழித்துத் தொலைத்துவிட்டாளாம், திருப்பிக் கொடுக்கும்முன் நகலை ஒட்டவேண்டுமாம்.

"நோட்ஸ் இல்லையா? புக்கேவா?" அக்காவின் குரல் ஒரு படி இறங்கியது.

"அய்யே, இதைப் போய் ஆசையா பாக்கறீங்க! எங்க பரீட்சைதான் நேத்தோட முடிஞ்சுதே. எடைக்குப் போடணும்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். சீக்கிரம் போடுங்கக்கா, பஸ் வந்துடும்."

புத்தகத்தைக் கண்ணாடியில் கவிழ்த்து மூடியை இறக்கினாள். வெளிச்சக் கீற்று ஒருமுறை ஓடி அடங்கியது. சூடான தாளைப் பறித்துக்கொண்டு ரெட்டைப் பின்னல் ஓடினாள்.

மூடியைத் தூக்கினால் புத்தகம் அங்கேயே கிடக்கிறது.

எதிரே நிறுத்தத்தில் அந்தப் பெண் தோழியோடு சிரித்துக்கொண்டிருந்தாள். கூப்பிடு தூரம்தான். பேருந்து திருப்பத்தில் தலை காட்டியது. அக்கா மூச்சை இழுத்தாள். வாய் பழக்கப்படி திறந்தது.

பேருந்து வந்தது, நின்றது, போனது.

தூங்கிக்கொண்டிருந்த அண்ணன் ஒரு கண்ணைத் திறந்தார். "என்னம்மா, யாரோ ஒரிஜினலை விட்டுட்டுப் போன மாதிரி இருக்கே. கூப்பிடலையா?"

"நாளைக்கு வருவாண்ணா."

புத்தகத்தைத் திருப்பி மேஜைமேல் விரித்தாள். விண்ணப்பத்தின் மேலிருந்த கால்குலேட்டரை ஓரமாக நகர்த்தினாள். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் நடுமடிப்பின் மேல் வைத்து, புத்தகத்தின் முதுகு ஒடிந்தாலும் ஒடியட்டும் என்று, வரைபடத்தின் இடது ஓரம் முழுவதும் வெளிச்சத்துக்கு வரும்வரை அழுத்தினாள்.