பிடோக் வீட்டுப் புறாக்கள்

என் கணவரின் வலது நுரையீரலில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி இருப்பதாகச் சொன்னார்கள். புற்றுநோயாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகமாம். சிகரெட்டைத் தொடாத மனிதர், சர்க்கரை கிடையாது, தினமும் ஃபேரர் பார்க் பக்கம் நடக்கப் போகிறவர். தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கும்போதுகூட எனக்கு அழுகை வந்தது.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஊசி விட்டுச் சதையை எடுத்துப்போய், முடிவு வரக் காத்திருந்த நாட்களில் அவர் முழுக்க என்னுடையவராக இருந்தார். சனிக்கிழமையானால் கூட்டாளிகளைப் பார்க்கக் கிளம்புகிறவர் வீட்டிலேயே கிடந்தார். என் ரசத்தைக் குறை சொல்லாமல் குடித்தார். பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பிடித்ததில்லை.

முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை, பூஞ்சை. காய்ந்த புறா எச்சத்தின் தூள் மூச்சில் போனால், நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கும் அபூர்வமாக இப்படிக் கட்டியாகத் திரண்டு புற்றுநோய் மாதிரியே வேஷம் போடுமாம். சில மாதங்கள் மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். அவரும் தமிழர்தான். காலில் விழலாம் போலிருந்தது எனக்கு.

"புறா எச்சம் எங்கயாச்சும் கிளீன் பண்ணீங்களா சார்?"

நான் முந்திக்கொண்டேன். "எங்க வீட்டுப் பக்கம் புறாவே வராது டாக்டர். இவர் துடைப்பத்தக் கையால தொட்டதில்ல."

கணவர் தரையைப் பார்த்தார். "பிடோக்ல ஒரு ஃப்ரெண்டு வீட்ல, ஏர்கான் பெட்டிக்குக் கீழ புறா கூடு கட்டிருச்சு. நான்தான் ரெண்டு மூணு வாட்டி கிளீன் பண்ணிக் குடுத்தேன்."

டாக்சியில் விசாரித்தேன். பழைய ஆபீசில் கூட வேலை பார்த்தவளாம், தனியாக இருக்கிறாளாம். "டீ குடிப்போம், பேசிக்கிட்டிருப்போம். வேற ஒண்ணும் இல்லலா" என்றார். நம்பினேன். நம்பியும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. எங்கள் வீட்டு மின்விசிறியில் தூசி திரி திரியாகத் தொங்குகிறது, ஏறித் துடைக்கச் சொன்னால் முட்டி வலிக்கிறது என்பார். அந்த மகராசி வீட்டில் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் புறா எச்சம் சுரண்டியிருக்கிறார். புற்றுநோயாகவே இருந்திருந்தால் இதெல்லாம் எனக்குத் தெரியாமலே போயிருக்குமே என்றுகூட ஒரு நொடி தோன்றிவிட்டது. சீ என்று என்னையே திட்டிக்கொண்டேன். பொறாமை மட்டும் போகவில்லை.

"அவங்களுக்கும் இருமல் இருந்துச்சு. செக் பண்ணச் சொல்லணும்" என்றார் வீட்டுக்கு வந்ததும்.

"நானே சொல்றேன். நம்பரக் குடுங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பதாகத்தான் எண்ணம். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். யார் பேசுவது என்று சொன்னதும் அவள் அவசரமாகக் கேட்டாள்.

"கேன்சர் இல்லன்னு சொல்லிட்டாங்களாக்கா?"

"இல்ல. பூஞ்சை. உங்க வீட்டுப் புறாவால வந்தது."

அவள் விசும்பினாள். "எக்ஸ்ரே எடுத்த அன்னிக்கு நேரா இங்கதான்க்கா வந்தார். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம அழுதுக்கிட்டே இருந்தார். நான்தான், மொதல்ல அக்காகிட்ட போய்ச் சொல்லுங்கன்னு அனுப்பி வச்சேன்."

நீங்களும் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன்.

கூடத்தில் அவர் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். "சொல்லிட்டியா?" என்றார்.

"சொல்லிட்டேன்" என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் எதிரில் அவர் ஒருமுறைகூட அழுததில்லை.