பீரோவில் ஒட்டிய லேபிள்

நான் தனியாகப் போன முதல் சர்வீஸ் கால், பிள்ளைப்பாக்கத்தில் ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனிக்கு. வருடம் 2009. அதுவரை ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் போன் எடுத்துக்கொண்டிருந்தேன். சாத்தூர் பக்கத்திலிருந்து வந்தவள், படிப்பு ஒன்பதாவதோடு சரி. மெக்கானிக்குகள் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றதுதான் எல்லாம். அன்று வேறு ஆள் இல்லை. "சொதப்பிட்டு வந்தா திரும்பவும் போன்தான்" என்று முதலாளி சிரித்துக்கொண்டே அனுப்பினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஷேர் ஆட்டோவில் பையைத் திறந்து சிடிகளை மூன்று முறை எண்ணினேன்.

டெஸ்பாட்ச் சூப்பர்வைசர் சேகர் அண்ணன் கேட்டிலேயே நின்றிருந்தார். என்னைத் தாண்டி ரோட்டைப் பார்த்தார்.

"சர்வீஸ் ஆளு எங்கம்மா?"

"நான்தான் அண்ணே."

"சரியாப் போச்சு. ரெண்டரைக்கு லாரி கெளம்பணும். லேபிள் இல்லாத பொட்டிய கார் கம்பெனிக்காரன் கேட்டுலயே திருப்பி வுட்டுருவான்."

பெட்டிகளுக்கு லேபிள் அடிப்பது மட்டுமே அந்தக் கம்ப்யூட்டரின் வேலை. ஒவ்வொரு லேபிளிலும் ஒரு வரிசை எண் இருக்கும். ஒருமுறை போன எண் மறுபடி வந்தால் கார் கம்பெனி ஸ்கேனர் ஏற்காது, மொத்த லோடும் திரும்பி வரும். முந்தின நாள் சாயந்திரம் மெஷின் ஹேங் ஆக, சேகர் அண்ணன் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார். காலையில் கறுப்புத் திரைதான்.

யாரோ பாட்டு ஏற்றிக்கொண்டு வந்த பென்டிரைவிலிருந்து ஏறிய வைரஸ். சிடியில் பூட் செய்து ஸ்கேன் ஓடவிட்டு, கெட்டுப்போன சிஸ்டம் ஃபைல்களை மாற்றிப் போட்டேன். பதினொன்றரைக்கு விண்டோஸ் எக்ஸ்பி திறந்தது. லேபிள் புரோகிராமும் திறந்தது.

"சூப்பர்மா! நீ கெளம்பு."

"ஒரே ஒரு லேபிள் அடிச்சுப் பாத்துக்கிடுறேன் அண்ணே."

பேக்கிங்கில் வேலை செய்யும் தேவகி அக்கா அந்த லேபிளை வாங்கிக்கொண்டு பக்கத்திலிருந்த இரும்பு பீரோவுக்குப் போனார். தினமும் காலையில் அடிக்கும் முதல் லேபிள் டிரையலுக்கு. அதைப் பெட்டியில் ஒட்டாமல் பீரோவில் ஒட்டுவார்கள். பீரோவின் ஒரு பக்கம் முழுக்க லேபிள்தான். ஆடிட் வருகிறது, சுரண்டி எடுங்கள் என்று சேகர் அண்ணன் கத்திக்கொண்டே இருப்பாராம். யாரும் காதில் வாங்கவில்லை.

ஒட்டப் போன தேவகி அக்கா கையை அப்படியே நிறுத்தினார்.

"இன்னா மேடம், நேத்து காலைல ஒட்டினதும் இதுவும் ஒரே நம்பராக் கீது?"

இரண்டிலும் 48211. அந்தப் புரோகிராமை ஒழுங்காக மூடினால்தான் கடைசி எண் டிஸ்கில் பதியும். பிளக்கைப் பிடுங்கியதில், நேற்று அடித்த நானூற்றுச் சொச்சம் லேபிளும் அதற்கு நினைவில் இல்லை.

"நம்பர மாத்தி வுடேன், முடிஞ்சுது" என்றார் சேகர் அண்ணன்.

மாற்றலாம். ஆனால் எல்லாம் சரி என்று காட்டிய மெஷின் இதைக் காட்டவில்லையே, வேறு எதைக் காட்டாமல் வைத்திருக்கிறதோ என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. ஒரு காலி பென்டிரைவைச் செருகி ரீஸ்டார்ட் செய்தேன்; வைரஸ் மிச்சமிருந்தால் அதில் தன்னை எழுதிவிடும். பிறகு மறுபடி சிடியில் பூட் செய்து, பென்டிரைவைத் திறந்து பார்த்தேன். நான் போடாத இரண்டு ஃபைல்கள் உள்ளே இருந்தன.

"அண்ணே, வைரஸ் போகல. எல்லாத்தையும் புதுசாத்தான் போடணும்."

"மணி பன்னெண்டு! ஓடற மெஷின எதுக்கும்மா நோண்டற?"

"பழைய டிஸ்க்கத் தொடமாட்டேன் அண்ணே. எங்கிட்ட இருக்கற வேற டிஸ்க்குல போடுறேன். ரெண்டு மணிக்குள்ள முடியலன்னா பழசையே மாட்டி, நம்பர மாத்தித் தாரேன்."

"தேவகி, இந்தப் பொண்ணு என் வேலைக்கு ஒல வெக்கப் போவுது."

"நீங்க பிளக்கப் புடுங்காம இருந்தா அது ஏன் சார் இங்க வருது?" என்றார் தேவகி அக்கா.

எக்ஸ்பி, பிரிண்டர் டிரைவர், லேபிள் புரோகிராம் என்று வரிசையாக ஏற்றி முடிக்கும்போது ஒன்று நாற்பது. புரோகிராம் ஆரம்ப எண் கேட்டது.

"நேத்து நானூத்திப் பன்னெண்டு பொட்டி. 48700 போடு, போதும்."

"நடுவுல நம்பர் விட்டுப்போனா கேப்பாங்களா அண்ணே?"

"தாண்டிப் போனா ஸ்கேனர் ஒண்ணும் சொல்லாது. திரும்ப வந்தாத்தான்."

நான் 50001 என்று அடித்தேன்.

"இவ்ளோ எதுக்கும்மா தாண்டற?"

"பயமா இருக்கு அண்ணே."

அன்று முதல்முறையாக அவர் சிரித்தார். லாரி ரெண்டரைக்குக் கிளம்பியது. நான் கிளம்பவில்லை. கார் கம்பெனி கேட்டிலிருந்து டிரைவர் போன் செய்து, எல்லாப் பெட்டியும் ஸ்கேன் ஆகிவிட்டது என்று சொல்லும்வரை கம்ப்யூட்டர் முன்னால் இருந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு எனக்குக் கடையில் போன் எடுக்கும் வேலை வரவில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் ரிப்பேரா, ரீ-இன்ஸ்டாலா என்று என்னைக் கேட்பதுண்டு. கிளீன் என்று ஸ்கேன் சொன்னாலும் காலி பென்டிரைவ் போட்டுப் பாருங்கள். சந்தேகம் மிச்சமிருந்தால் புதிதாகப் போடுங்கள், பழைய டிஸ்க்கைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு. அதற்கும் முன்னால், அந்த மெஷினில் தினமும் வேலை செய்கிறவரைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருடம் அங்கே வேறு வேலையாகப் போனபோது பீரோவுக்குப் புது பெயின்ட் அடித்திருந்தார்கள். லேபிள் ஒட்டிய பக்கத்தை மட்டும் விட்டிருந்தார்கள்.

"ஆடிட்டர் ஒண்ணும் கேக்கலையா அண்ணே?"

"கேட்டாரே. பேக்கப்புன்னு சொல்லிட்டேன்."