மணிக்கு ஐந்து நிமிடம்

1. மாடி ஆபீஸ்

கம்பெனியில் குவாலிட்டி வேலையை விட்ட மறுநாள், காலை ஒன்பது மணிக்குச் சட்டையை இன் செய்துகொண்டு மாடிப்படி ஏறினேன். என் மனைவி ஜமுனா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“எங்க போறீங்க?”

“ஆபீசுக்கு.”

“எந்த ஆபீசு?”

“மாடிக்கு.”

சிரிப்பாள் என்று நினைத்தேன். “மத்தியானம் கீழ வந்து சாப்புடுவீங்களா, இல்ல டிபன் பாக்ஸ்ல போட்டுக் குடுக்கணுமா?” என்று கேட்டாள். அது கிண்டலா, நிஜமான கேள்வியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்றிலிருந்து எட்டு வருடம் ஆன்லைன் போக்கர்தான் என் தொழில். திருத்தணியில் சீட்டாட்டம் என்றால் தோப்பில் உட்கார்ந்து போலீசைக் கண்டால் வேட்டியை மடித்துக்கொண்டு ஓடுகிறவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். எனக்கு இரண்டு மானிட்டர், ஒரு இன்வெர்ட்டர், முதுகு வலிக்காத நாற்காலி. ஆடிய ஒவ்வொரு கையையும், ஒவ்வொரு சுற்றையும், மறுநாள் உட்கார்ந்து சரிபார்ப்பேன். கம்பெனியில்கூட நான் அவ்வளவு ஒழுங்காக வேலை பார்த்ததில்லை. யாராவது கேட்டால் என் அக்கா, “தம்பி கம்ப்யூட்டர்ல வேல பண்றான்” என்று முடித்துவிடுவாள்.

எங்கள் தெருப் பையன்கள் இன்னும் வந்து கேட்கிறார்கள்: “அண்ணா, போக்கரையும் குடும்பத்தையும் எப்படிண்ணா பேலன்ஸ் பண்ணீங்க?” அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பதில் தெரிந்து எழுதவில்லை.

2. ஐம்பத்தைந்து

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். போக்கரில் உங்கள் கையில் இரண்டு சீட்டு. அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். மேசையில் ஐந்து சீட்டு, அது எல்லோருக்கும் பொது. எதிராளி என்ன வைத்திருப்பான் என்று கணக்குப் போடுவதுதான் ஆட்டம். பெரும்பாலான நேரம் ஃபோல்டு செய்வோம், அதாவது சீட்டைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்போம். பொறுமை இல்லாதவன் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை.

டோர்னமென்டில் நினைத்தபோது எழுந்து போக முடியாது. நம் முறை வந்தால் சில விநாடிதான் அவகாசம், தவறினால் அந்தக் கை போய்விடும். ஆனால் ஒவ்வொரு மணி நேரத்திலும் ஐம்பத்தைந்தாவது நிமிடம் வந்ததும் எல்லா மேசைக்கும் ஒன்றாக ஐந்து நிமிட பிரேக் விடுவார்கள்.

அந்த ஐந்து நிமிடத்தில்தான் நான் குடும்பம் நடத்தினேன். கேஸ் சிலிண்டர் மாற்றுவது, மகளின் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடுவது, ஜமுனாவோடு சண்டை போடுவது, எல்லாம் ஐம்பத்தைந்திலிருந்து அறுபதுக்குள். சண்டை முடியாவிட்டால் அடுத்த ஐம்பத்தைந்துக்குத் தொடரும். அதற்குள் பாதி நாள் இரண்டு பேருக்குமே எதற்குச் சண்டை என்பது மறந்திருக்கும். நல்ல ஏற்பாடு என்று நினைத்தேன்.

பொதட்டூர்பேட்டையில் தறி வைத்திருந்த அவளுடைய சித்தப்பா ஒருநாள் தறியிலேயே சாய்ந்து உயிரை விட்டார். போன் வந்தபோது மணி பதினொன்று முப்பத்தைந்து. ஜமுனா இருபது நிமிடம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஐம்பத்தைந்துக்குத்தான் கதவைத் தட்டினாள். எவ்வளவு புரிந்து நடக்கிற மனைவி என்று அன்றைக்குப் பெருமைப்பட்டேன். இதை எழுதும்போது கூசுகிறது.

3. முடி

என் அக்காவுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம் குழந்தை இல்லை. அவள் கணவரான பாவாவுக்குக் கனகம்மாசத்திரம் பக்கம் நிலம், அதிகம் பேசாத மனிதர். அக்கா முருகனுக்கு ஒரு வேண்டுதல் வைத்திருந்தாள். குழந்தை பிறந்தால் முதல் முடி தணிகை மலையில்தான், அதுவும் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான். எங்களுக்கு அப்பா, அம்மா இல்லை. அவளுக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான். பாப்பா பிறந்ததும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே அவள் சொன்ன முதல் வார்த்தை, “மடியைக் காலியா வெச்சிக்கடா தம்பி.”

மொட்டைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். அதற்கு முந்தின நாள், அந்த வருடத்திலேயே பெரிய டோர்னமென்ட். நூற்றுக்கணக்கானவர்கள் ஆடி முதல் நாளில் மிஞ்சியது கொஞ்சம் பேர், அதில் நானும் ஒருவன். இரண்டாம் நாள் ஆட்டம் ஞாயிறு காலை பத்து மணிக்கு. அக்காவுக்குப் போன் செய்தேன்.

“அக்கா, மொட்டைய சரியா பத்து அம்பத்தஞ்சுக்கு ஆரம்பிச்சிடலாமா?”

“நேரம் நல்லா இருக்குதாடா அது?”

“ரொம்ப நல்ல நேரம்க்கா.”

பொய் இல்லை. என் காலண்டரில் அதுதான் நல்ல நேரம்.

மலைமேல் சிக்னல் நன்றாகவே இருந்தது. பத்து மணியிலிருந்து மொட்டை மண்டபத்துக்கு வெளியே ஒரு தூணில் சாய்ந்துகொண்டு போனில் ஆடினேன். பிரேக் வந்ததும் ஓடினேன். அன்றைக்கு முகூர்த்த நாள் கூட்டம். எங்களுக்கு முன்னால் இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. எதிராளியின் சீட்டையே கணக்குப் போடுகிறவனுக்கு ஒரு வரிசை தெரியவில்லை.

பாப்பா என் மடிக்கு வந்தபோது மணி பதினொன்றே கால். தலையில் தண்ணீர் தெளித்ததும் வீறிட்டாள். சட்டைப் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு அதிர்வும் என் முறை வந்துவிட்டது என்று அர்த்தம். நான்கைந்து கையை அப்படியே விட்டேன். பிறகு பொறுக்கவில்லை. இடது கையால் போனை எடுத்துப் பார்த்தேன். இரண்டு ஏஸ். இந்த ஆட்டத்தில் அதைவிடப் பெரிய கை கிடையாது.

இருப்பதை எல்லாம் மொத்தமாக வைக்கிற ஆல்-இன்னை அமுக்க ஒரு விநாடிதான் ஆனது. அந்த ஒரு விநாடியில் பாப்பா தலையைத் திருப்பிவிட்டாள். காதுக்கு மேலே மெல்லிய சிவப்புக் கோடு.

மழிக்கிறவர் கத்தியை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். “சார், ஒண்ணு கொயந்தைய புடிங்க, இல்ல போனைப் புடிங்க. ரெண்டையும் புடிச்சிகினு இருந்தா நான் இன்னா பண்றது?”

பாவா குனிந்தார். திட்டவில்லை. “குடு நைனா, நான் வெச்சிக்கிறேன். நீ உன் வேலையப் பாரு” என்று பாப்பாவை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். மீதி முடியை அப்பா மடியில்தான் எடுத்தார்கள். அக்கா சந்தனத்தைக் குழைத்து, காயத்தை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் பூசினாள்.

அந்தக் கையை ஜெயித்தேன். மூன்றாவது இடம் வந்தேன். எட்டு வருடத்தில் அதுதான் என் சிறந்த நாள். அதை நல்ல நாள் என்று எழுதுவதா, கெட்ட நாள் என்று எழுதுவதா என்று என்னால் இன்றும் முடிவுசெய்ய முடியவில்லை. வெட்கமாக இருக்கிறது. அந்த வெட்கத்துக்கு அடியில் கொஞ்சம் சந்தோஷமும் இருக்கிறது. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்கின்றன என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

4. காது

பிறகு சட்டம் மாறியது. பணம் வைத்து ஆடும் ஆப்களை எல்லாம் ஒரே வாரத்தில் மூடிவிட்டார்கள். நானாக விட்டேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லாமல் போனது. இப்போது பொதட்டூர்பேட்டையில் ஒரு லுங்கி மொத்தக் கடையில் சரக்கு அனுப்புகிற வேலை. டீ குடிக்க எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். முதல் மாதம் எங்கே போவது என்று தெரியாமல் உட்கார்ந்தே இருந்தேன்.

பாப்பாவுக்கு மூன்று வயதில் காது குத்து வைத்தார்கள். பாவாவே வெற்றிலை பாக்கோடு வீட்டுக்கு வந்தார். “புதன்கெழம வந்துடு நைனா, குடும்பத்தோட.” காது குத்தும் தாய்மாமன் மடியில்தான். இந்த முறையாவது ஒழுங்காக உட்கார வேண்டும் என்று ஒரு வாரமாக அதே நினைப்பு. கம்மல் எடுத்தேன், புது வேட்டி எடுத்தேன். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன். ஜமுனா அதைப் பார்த்தாள்.

கோயிலுக்குள் சீர்த்தட்டோடு நுழைந்தபோது மணையில் ஏற்கெனவே ஆள் இருந்தது. எங்கள் பெரியம்மா பையன் சேகர், மடியில் பாப்பா. அக்கா வேகமாக என்னிடம் வந்தாள்.

“வாடா. உனுக்கு வேல இருக்கும்னு சேகரை உக்கார சொல்லிட்டேன்டா. நீ வந்ததே போதும்.”

“அக்கா, எனக்குத்தான் இப்ப அந்த வேல இல்லியே.”

“ஆங், தெரியும்டா. பாவா சொன்னாரு.”

அவள் முகத்தைப் பார்த்தேன். எட்டு வருடம், முகமே தெரியாதவர்கள் சீட்டைப் போட எடுத்துக்கொள்ளும் விநாடிகளை வைத்தே அவர்கள் மனதைப் படித்துச் சோறு தின்றவன் நான். ஒரு கை தூரத்தில் நிற்கிற என் அக்காவுக்குக் கோபமா, கரிசனமா, இல்லை இரண்டும் தீர்ந்து போய்விட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

தம்பிகளா, பேலன்ஸ் என்று நான் நினைத்தது இவ்வளவுதான். எல்லோருக்கும் நேரம் ஒதுக்கினேன், யாரையும் ஏமாற்றவில்லை. அவர்களும் எனக்காகக் காத்திருக்கப் பழகிக்கொண்டார்கள். அப்படியே நான் இல்லாமல் நடத்தவும் பழகிவிடுவார்கள் என்பதுதான் எனக்குத் தோன்றவில்லை.

“கம்மலக் குடுடா, ஆசாரி கேக்குறாரு” என்றாள் அக்கா. கொடுத்தேன். ஊசி இறங்கியதும் பாப்பா அலறிக்கொண்டு சேகரின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் தட்டைப் பிடித்தபடி நின்றிருந்தேன். கடையில் அன்றைக்கு முழு நாள் லீவு சொல்லியிருந்தேன்.