ஜெயபாய் அக்காவும் ரெடலன்ட்டும்

கீரிப்பாறை பஸ்ஸில் ஜெயபாய் அக்காவுக்கு எப்போதும் இரண்டு சீட்டு. ரப்பர் எஸ்டேட்டில் மரப்பட்டையைக் கீறிப் பால் வெட்டுகிறவள். மரத்தில் உறைந்து கிடக்கும் ஒட்டுபாலைச் சுரண்டிச் சாக்கில் கட்டுவதும் அவள் வேலைதான். அந்த வாடை இருக்கிறதே, எந்த சோப்புக்கும் அடங்காது. பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். நமக்கென்ன, காலை நீட்டி இருக்கலாம் என்று சிரிப்பாள். அடுத்த வீட்டுக்காரி நான். அந்தச் சிரிப்பை முழுதாக நம்பியதில்லை.

மகள் ரெனிஷாவைப் பெண் பார்க்க மார்த்தாண்டத்திலிருந்து வருகிறார்கள் என்றதும் அக்கா எங்களைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒட்டுபால் சாக்கு என் வீட்டுக் கொல்லைக்கு வந்தது. தரையெல்லாம் பினாயில். அதற்குமேல் அடித்த ஸ்பிரேயில் எனக்குத் தும்மல் நிற்கவில்லை. மாப்பிள்ளை வினோஜ் நல்ல பையன். ரெனிஷாவுக்கும் பிடித்துப்போனது முகத்திலேயே தெரிந்தது. அவனுடைய அக்கா ஜாஸ்பின் இங்கிலீஷ் டீச்சர். வாடகைக் காரில் ஏறும்போது தம்பியிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். ரெனிஷா காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்: ரெடலன்ட்.

சும்மா இருந்திருக்கலாம். போனில் தட்டிப் பார்த்தாள். 'வாடை வீசுகிற' என்று வந்தது. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

அக்கா அழவில்லை. தரகர் ஞானையனைக் கூப்பிட்டு, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த டீச்சர் அப்போது கையில் கிடைத்திருக்க வேண்டும்.

மறுநாளே காரணம் கேட்டு வந்து நின்றாள், தனியாக. அக்கா உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"எங்க வீடு நாறுகுன்னு சொன்னியளாம். பெறவு எதுக்கு வந்திய?"

ஜாஸ்பின் திருதிருவென்று விழித்தாள். ரெனிஷா அந்தச் சொல்லைச் சொன்னதும் டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டாள். வாடை என்றும் அதற்கு அர்த்தம் உண்டாம். ஆனால் பின்னால் ஒரு 'ஆஃப்' போட்டு இன்னதென்று சேர்த்தால், அதை நினைவுக்குக் கொண்டுவருகிறது என்றும் ஆகுமாம். அவள் சொன்னது 'ரெடலன்ட் ஆஃப் அம்மா'.

"எங்க அம்மைக்கும் பால்வெட்டு தான் மாமி. அவ போன பெறவு அந்த மணம் எங்கயும் கிடைக்கல்ல. நீங்க அவ்வளவு ஸ்பிரே அடிச்சும், ஒங்க பக்கத்துல இருந்தப்போ அம்மைக்க ஓர்மை வந்து."

"இரி மக்கா, சாயா போடுகேன்" என்று அக்கா உள்ளே போனாள். நான்தான் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன். ரெனிஷா போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். வினோஜுக்குத்தான், வேறு யாருக்கு!

கல்யாணப் புடவை எடுக்க நாகர்கோவில் போன அன்று ஜாஸ்பின் கீரிப்பாறைக்கே வந்து எங்களோடு பஸ் ஏறினாள். பாதி சீட்டு காலி. அத்தனையையும் தாண்டி வந்து அக்கா பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தவள், அவள் தோளில் சாய்ந்து தூங்கியும் போனாள். காலை நீட்ட இடமில்லை என்று அக்கா வழியெல்லாம் என்னிடம் முணுமுணுத்தாள். தோளை மட்டும் அசைக்கவே இல்லை.